மொட்டை மாடிக்கு வரும் ஜெமினிட்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். ‘வானில் விண்கல் மழை, மணிக்கு 150 எரிநட்சத்திரங்கள், வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.’ கூடவே வானம் முழுக்கக் கோடு கோடாக ஒளி பாயும் ஒரு படமும் வரும். அதை நம்பி மாடியேறுகிறவர்கள் பத்து நிமிடம் அண்ணாந்து நிற்பார்கள். கழுத்து வலிக்கும், கொசு கடிக்கும், ஒன்றும் விழாது. ‘எல்லாம் புருடா’ என்று இறங்கிப் போய்ப் படுத்துவிடுவார்கள்.

செய்தி பொய்யில்லை. படமும் பொய்யில்லை. பல மணி நேரம் தொடர்ந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எரிகல் சிக்கியவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றாக ஒட்டிச் செய்தது அது. ஏமாற்றத்துக்குக் காரணம் அந்த 150 என்ற எண். அதற்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகளை யாரும் சொல்வதில்லை.

வானியலாளர்கள் ஓர் எரிகல் பொழிவின் வலுவை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பொழிவு புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும். வானத்தில் துளி மேகமோ நிலவோ விளக்கொளியோ கூடாது. கண்ணுக்கு எட்டக்கூடிய மிக மங்கலான நட்சத்திரமும் தெரிய வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை காண்பார் என்பதுதான் அந்த எண். ஒரு பொழிவை இன்னொன்றோடு ஒப்பிட ஆய்வாளர்களுக்கு அது உதவும். தாம்பரத்திலோ சிங்காநல்லூரிலோ மாடியில் நிற்பவருக்கு அது வாக்குறுதி ஆகாது. எரிகற்களில் மங்கலானவையே மிக அதிகம், நகர வெளிச்சம் முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான். புறநகர் மாடியிலிருந்து மணிக்குப் பத்து பார்த்தால் நல்ல அறுவடை. விளக்கில்லாத கிராமத்து வயல்வெளியில் அது நாற்பது, ஐம்பதைத் தாண்டலாம். நகரின் நட்டநடுவில் நான்கைந்து பார்த்தாலே மெச்சிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மாடியேறுகிறவர் ஏமாறமாட்டார்.

ஆண்டு முழுக்க ஏதேனும் ஒரு பொழிவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் உலகப் புகழ் பெற்றவை எல்லாம் தமிழ்நாட்டு வானத்துக்குப் பொருந்துவதில்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடுவது ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் வரும் பெர்சீட் பொழிவை. அங்கே அது கோடை விடுமுறைக் காலம், இதமான இரவு. ஆனால் அது புறப்படும் புள்ளி வானத்தின் வடக்கில் வெகு தூரம் தள்ளி இருக்கிறது. சென்னையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் அடிவானத்தை விட்டு எழும்பும், விடியும் நேரத்தில்கூட உச்சிக்குப் பாதி உயரம்தான் ஏறியிருக்கும். போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழையின் மேகம். ஜனவரி 3, 4-இல் வரும் குவாட்ரண்டிட் பொழிவின் கதையும் ஏறக்குறைய இதேதான். அதன் உச்சமோ சில மணி நேரமே நீடிக்கும். அந்த நேரம் இந்தியாவில் பகலாக இருந்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஹாலி வால்மீனின் தூசு தரும் ஈட்டா அக்வாரிட் பொழிவு நம் பக்கத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

வீட்டு மாடிக்கென்றே வாய்த்தது ஜெமினிட். டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சம். கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்க இரண்டு, மூன்று நாள் இருக்கும் சமயம். அது புறப்படும் புள்ளி மிதுன ராசியில், புனர்பூச நட்சத்திரம் என்று நாம் சொல்லும் இரட்டை நட்சத்திரங்களை ஒட்டி இருக்கிறது. சென்னையில் அந்தப் புள்ளி மாலை ஏழரை மணி வாக்கில் வடகிழக்கில் உதித்து, இரவு இரண்டு மணிக்கு ஏறத்தாழ 70 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். கன்னியாகுமரியில் இதைவிட ஐந்து பாகை குறையும், அவ்வளவுதான். நள்ளிரவுக்கு முன்பே பார்க்கத் தகுந்த பெரிய பொழிவு இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளைப் பத்து மணிக்கு மாடிக்கு அழைத்துப் போய்ப் பதினொன்றரைக்குத் தூங்க அனுப்பிவிடலாம்.

வேகமும் நமக்குச் சாதகம். நவம்பரில் வரும் லியோனிட் எரிகற்கள் விநாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன, ‘அதோ’ என்று சொல்லி முடிக்குமுன் மறைந்துவிடும். ஜெமினிட்டின் வேகம் அதில் பாதி, விநாடிக்கு 35 கிலோமீட்டர். அதுவும் ஒன்றும் சும்மா இல்லை, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பதினெட்டு விநாடியில் போகும் வேகம். ஆனாலும் அடுத்து நிற்பவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

எரிவது என்ன? பெரும்பாலும் மணல் துகள், மிஞ்சினால் பட்டாணி அளவுக் கல். சூரியனைச் சுற்றி வரும் இந்தத் துகள் கூட்டத்தின் பாதையைப் பூமி ஆண்டுதோறும் ஒரே தேதியில் குறுக்கே கடக்கிறது. துகள் காற்று மண்டலத்தில் நுழையும் வேகத்தில் முன்னாலுள்ள காற்று அழுந்திக் கொதிக்கிறது. துகள் ஆவியாகிறது, அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து ஒளிர்கின்றன. இதெல்லாம் தரையிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் நடந்து முடிந்துவிடும். ‘நட்சத்திரம் விழுந்துவிட்டது’ என்று சொல்லும்போது உண்மையில் பார்ப்பது ஒரு பொடிக்கல்லின் சாவை.

மற்றப் பெரிய பொழிவுகளின் தூசு பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச் சென்றது. ஜெமினிட்டுக்கு மட்டும் நெடுங்காலம் தாய் தெரியவில்லை. 1862-இல்தான் இப்படி ஒரு பொழிவு இருப்பதையே கவனித்தார்கள், அதன்பின் நூறாண்டுக்கு மேல் எந்த வால்மீனும் அகப்படவில்லை. 1983 அக்டோபரில் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் அனுப்பிய பதிவுகளில் ஒரு சிறுகோள் தென்பட்டது. அதன் பாதையைக் கணக்கிட்டபோது ஜெமினிட் துகள்களின் பாதையோடு அது அப்படியே பொருந்துவதை அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் சுட்டிக்காட்டினார். அதுதான் ஃபேதான். சூரியனின் தேரை ஓட்ட ஆசைப்பட்டு அழிந்துபோன கிரேக்கப் புராண இளைஞனின் பெயர். வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் அகலமுள்ள இந்தப் பாறை ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதன் கோளின் பாதைக்கும் உள்ளே புகுந்து சூரியனுக்கு 2.1 கோடி கிலோமீட்டர் அருகே போய் வறுபட்டுத் திரும்புகிறது.

பனிக்கட்டி இல்லாத பாறை இவ்வளவு தூசியை எப்படி உதறியது என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. சூரியனை நெருங்கும்போது அதற்குச் சின்னதாக ஒரு வால் முளைப்பதைக் கண்டு, அதுதான் தூசு என்று நினைத்தார்கள். அந்த வால் சோடியம் ஆவிதான், தூசு இல்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு சொல்லிவிட்டது. எப்போதோ ஒரு காலத்தில் நடந்த பெரிய உடைப்பின் மிச்சமாக இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. எப்படியிருந்தாலும் ஜெமினிட் துகள்கள் வால்மீன் தூசைவிடக் கெட்டியானவை. அதனால் நின்று எரிகின்றன, பளிச்சென்று தெரிகின்றன.

இந்தத் துறை வளர்ந்ததில் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1833 நவம்பர் 13 விடியற்காலையில் வட அமெரிக்கா முழுவதும் லியோனிட் எரிகற்கள் மணிக்குப் பல பத்தாயிரம் என்ற கணக்கில் கொட்டின. தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்களில் பலர் உலகம் அழியப்போகிறது என்று மண்டியிட்டார்கள். யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட் வேறொரு வேலை செய்தார். பார்த்தவர்கள் அதை எழுதி அனுப்பும்படி செய்தித்தாள் வழியாகக் கேட்டுக்கொண்டார். வந்து குவிந்த விவரங்களிலிருந்து, எல்லாக் கற்களும் சிம்ம ராசியின் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டதுபோல் தெரிந்தன என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதுவரை மின்னலைப்போல எரிகல்லையும் காற்று மண்டலத்தின் சங்கதி என்று பலர் கருதியிருந்தார்கள். அவை விண்வெளியிலிருந்து கூட்டமாக வருகின்றன என்பது அதன்பிறகு உறுதிப்பட்டது.

ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் தோன்றுவது கண்ணின் மாயம்தான். நேராக ஓடும் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தெரிவதில்லையா, அதேதான் இதுவும். துகள்கள் இணைகோடுகளாகத்தான் வருகின்றன.

இனி மாடிக்குப் போகலாம். தொலைநோக்கி வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். இருந்தாலும் எடுத்து வைத்துவிட வேண்டும். எரிகல் எங்கே கிளம்பும் என்று தெரியாத நிலையில் வானத்தின் சின்னத் துண்டை மட்டும் காட்டும் கருவி இடைஞ்சல்தான். தேவைப்படுவது ஒரு பாயும் தலையணையும். நின்றுகொண்டு பார்ப்பது பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது, மல்லாந்து படுத்துவிட வேண்டும். டிசம்பர் பனிக்குக் குல்லாவும் போர்வையும் உதவும். கொசுவர்த்திப் புகை கண்ணில் படாதபடி காற்று போகும் பக்கமாக வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியாக இருந்தால், இருட்டில் பிள்ளைகளோடு ஏறவே கூடாது.

தெருவிளக்கை அணைக்க நம்மால் முடியாது, மறைக்க முடியும். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்க் இதற்கென்றே வைத்ததுபோல் உதவும். விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே டேங்க் வரும்படி பாயை விரித்தால் பாதி வேலை முடிந்தது. அக்கம்பக்கத்தில் சொல்லி ஒரு மணி நேரம் மாடி விளக்கை நிறுத்தச் சொல்வதில் தவறில்லை. அவர்களையும் கூப்பிட்டுவிட்டால் தானாகவே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது கண்களின் வேலை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண்மணி உடனே விரிந்துவிடும். ஆனால் மங்கலான ஒளியை உணரும் குச்சி செல்களில் அதற்கான நிறமி முழுதாக ஊற இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் இறங்கிப் போகிறவர்கள் உண்மையில் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை. செல்போன் திரையை ஒரு தடவை பார்த்தாலும் ஊறிய நிறமி வெளுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மாடியிலிருந்து எரிகல் பார்ப்பதைக் கெடுப்பதில் தெருவிளக்குக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் கையிலிருக்கும் போனுக்கு. அதைக் கீழேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். டார்ச் வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளலாம். மங்கலான சிவப்பொளி குச்சி செல்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

எங்கே பார்ப்பது? பத்து மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் தெரியும். வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அதற்கு இடப்பக்கமாகச் செந்நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை. இன்னும் இடப்பக்கம், வடகிழக்கில், அருகருகே ஏறக்குறைய ஒரே ஒளியில் இருக்கும் இரண்டும் புனர்பூசம். அடையாளம் கண்டுகொண்டபின் அங்கேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் புள்ளிக்கு அருகே தோன்றும் எரிகற்கள் நம்மை நோக்கி வருவதால் குட்டையாகத் தெரியும். தள்ளி, உச்சிப் பக்கமாகப் பார்வையைத் தளர விட்டால் நீண்ட கோடுகள் அகப்படும். ஒரு கோடு மின்னி மறைந்ததும் அதை மனத்துக்குள் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். புனர்பூசத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஜெமினிட். வேறெங்கோ போனால் எந்தக் கூட்டத்தையும் சேராத உதிரி.

இரண்டு, மூன்று அடுத்தடுத்து வரும், பிறகு பத்து நிமிடம் ஒன்றுமே வராது. இது இயல்பு. அந்த இடைவெளியில் எழுந்து போகிறவர்கள்தான் நிறையத் தவறவிடுகிறார்கள்.

எரிகல் என்று மயங்க வைக்கும் மற்றவையும் வானில் உண்டு. விமானம் சிமிட்டிக்கொண்டு போகும். செயற்கைக்கோள் ஒரே சீராக, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு வானத்தைக் கடக்கும். ஜெமினிட் எரிகல் ஒரு விநாடிக்கு மேல் நின்றாலே அதிகம். நிறையப் பேரைக் குழப்புவது ராக்கெட் குப்பை. 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வானில் தீப்பந்தங்கள் வரிசையாக ஊர்ந்து போனதை ஆயிரக்கணக்கானோர் படமெடுத்தார்கள். விண்கல் மழை என்றுதான் முதலில் செய்தி பரவியது. அன்று சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மூன்று மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் வந்து விழுந்தது. சீன ராக்கெட் ஒன்றின் எஞ்சிய பகுதி பூமிக்குத் திரும்பியதே காரணம் என்று பின்னர் கணித்தார்கள். மெதுவாக, துண்டு துண்டாக உடைந்துகொண்டு, அரை நிமிடத்துக்கு மேல் போனால் அது பெரும்பாலும் மனிதன் அனுப்பியது.

‘தலையில் விழுந்துவிடாதா?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். விழாது. இந்தப் பொழிவுகளில் வரும் துகள்கள் மேலேயே தீர்ந்துபோகின்றன. 2016 பிப்ரவரியில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தபோது விண்கல் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. வெளியான படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பைப்போல்தான் இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே விண்கல் விழுந்த இடமும் தமிழ்நாட்டில் உண்டு. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் விழுந்த கற்களின் மொத்த எடை சுமார் 110 கிலோ. அத்தகைய கற்கள் தனியாக வருபவை. பொழிவு நாள் பார்த்து வருவதில்லை.

வானத்திலிருந்து விழும் ஒளியைக் கண்டு அஞ்சிய வழக்கம் நமக்கு மிகப் பழையது. புறநானூற்றின் 229-ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்தின் முதல் பாதியில் ஒரு நள்ளிரவு மீன் ஒன்று எரிந்து விழுந்ததைக் கண்டு சேரமன்னனுக்காகக் கலங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். இதை அபசகுனம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது அந்தப் புலவருக்குச் செய்யும் அநியாயம். எந்த மாதம், இரவில் எந்த நேரம், அப்போது எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்கிறது, எது உதிக்கிறது, எது மறைகிறது என்று அவர் வரிசையாகச் சொல்கிறார். இன்று எரிகல் பார்ப்பவரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவையும் அவைதான். பங்குனியில் பெரிய பொழிவு எதுவும் இல்லாததால் அவர் கண்டது தனியாக வந்த பெரிய எரிகல்லாக இருந்திருக்கலாம்.

குறிப்பேடு என்றதும் நினைவுக்கு வருவது, 1988-இல் தொடங்கிய பன்னாட்டு எரிகல் அமைப்பு. உலகெங்கும் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் பார்த்து எண்ணியவர்களின் கணக்கை வாங்கித் தொகுப்பது அதன் வேலை. பார்த்த நேரம், எண்ணிக்கை, எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை தெரிந்தது, மேகம் எத்தனை பங்கு மறைத்தது என்பவை போதும். தென்னிந்தியாவுக்கு இரவாக இருக்கும்போது அமெரிக்கா பகலில் இருக்கும், ஆகவே இங்கிருந்து போகும் எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. தனியாகத் தொடங்கத் தயங்குகிறவர்கள் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.

ஜெமினிட்டிடம் ஒரே குறை, அது வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருகிறது. சென்னையிலும் டெல்டாவிலும் டிசம்பர் 13 அன்று மேகம் மூடிக் கிடப்பது அதிசயமில்லை. அதற்காக ஆண்டை இழக்க வேண்டியதில்லை. முந்தின இரவும் அடுத்த இரவும்கூட நல்ல எண்ணிக்கை கிடைக்கும். உச்சம் கடந்த இரவில் எண்ணிக்கை குறைந்தாலும் வருபவை சற்றுப் பெரியவை, அதனால் பிரகாசமானவை.

மேகத்தால் எரிகல்லை மறைக்க முடியுமே தவிர நிறுத்த முடியாது. எரிந்த பாதையில் மின்னேற்றம் பெற்ற காற்று கொஞ்ச நேரம் நிற்கும், ரேடியோ அலைகள் அதில் பட்டுத் திரும்பும். எஃப்எம் ரேடியோவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக் காத்திருந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையத்தின் பேச்சோ பாட்டோ சட்டென்று ஒரு நொடி கேட்டு அடங்கும். நிலையங்கள் நெருக்கியடிக்கும் நகரத்தில் இது கடினம், சிற்றூரில் முயன்று பார்க்கலாம். திருவனந்தபுரம் தும்பாவிலும் திருப்பதிக்கு அருகே காடங்கியிலும் இதே தத்துவத்தில்தான் ராடார் கொண்டு பகல், இரவு, மழை பாராமல் எரிகற்களைப் பதிவுசெய்து, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளந்திருக்கிறார்கள்.

மேகத்துக்கு அடுத்த எதிரி நிலவு. அதை முன்கூட்டியே அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி போதும். டிசம்பர் 13-இல் பௌர்ணமிக்கு முன்பின் நான்கைந்து திதி இருந்தால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். வளர்பிறையின் தொடக்கமோ தேய்பிறையின் கடைசியோ என்றால் கவலையில்லை. 2026-இல் அமாவாசை டிசம்பர் 9 அன்று வருகிறது. 13-ஆம் தேதி இரவு நிலவு பத்து மணி வாக்கில் மறைந்துவிடும், அதன்பின் விடியும்வரை வானம் இருட்டு. 2027-இல் டிசம்பர் 13 அன்றே பௌர்ணமி. ஆகவே 2026-ஐத் தூங்கிக் கழித்தவர்கள் நல்ல இருட்டுக்கு 2028 வரை காத்திருக்க வேண்டும்.